துப்பாக்கியும் கணக்கேடும்: ஃபாக்னரின் மான்வேட்டைக் கதைகள்

ஒரு குடும்பம் தன் மக்களுக்கு விட்டுச் செல்லும் பொருள்கள் பல. நிலம் உண்டு, வீடு உண்டு, நகை நட்டு உண்டு. வேட்டையைக் குலவழக்காகக் கொண்ட குடும்பங்களிலோ இவற்றுக்கெல்லாம் மேலாகப் போற்றப்படுவது துப்பாக்கி. பாட்டன் தோளில் சாய்த்த துப்பாக்கியைப் பேரன் வாங்கும்போது இரும்பும் மரமும் கைமாறுகின்றன. அவற்றோடு ஓர் ஒழுக்கமும் கைமாறுகின்றது. எதனைச் சுடலாம், எதனைச் சுடலாகாது, எவ்வளவு நேரம் அசையாமல் நிற்க வேண்டும், வீழ்ந்த உயிர்க்கு என்ன மரியாதை செய்ய வேண்டும் என்பனவெல்லாம் அவ்வொழுக்கத்தில் அடங்கும். காட்டில் கற்ற அவ்வொழுக்கம் காட்டின் எல்லையோடு நின்றுவிடுமா, அன்றி வீட்டு வாயிலையும் கடந்து உள்ளே வருமா? இவ்வினாவை எழுப்பி, மனம் நோகும் விடையைத் தயங்காது சொன்ன நூல்களுள் ஒன்று வில்லியம் ஃபாக்னரின் 'கோ டவுன், மோசஸ்' என்பதாகும்.

அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் மிசிசிப்பி மாநிலத்தில் 1897இல் பிறந்த ஃபாக்னர், 1949ஆம் ஆண்டுக்குரிய நோபெல் இலக்கியப் பரிசை 1950இல் பெற்றார், 1962இல் மறைந்தார். மேற்கூறிய நூல் 1942ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. 'மோசே, இறங்கிச் செல்' என்று பொருள்படும் தலைப்பு, அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்கள் விடுதலையை வேண்டிப் பாடிய பத்திப் பாடல் ஒன்றின் பெயர். நூலில் ஏழு கதைகள் உள்ளன. முதற்பதிப்பின் தலைப்போடு 'பிற கதைகளும்' என்னும் சொற்களும் சேர்ந்திருந்தன. ஆசிரியரோ அதனைத் தனித்தனிக் கதைகளின் தொகுதி என்று கருதவில்லை. ஒரே நாவல் என்றே கருதினார். 1949ஆம் ஆண்டுப் பதிப்பில் அச்சொற்கள் நீக்கப்பட்டன. இது சிறு செய்தி போலத் தோன்றினும், நூலைப் படிக்க வேண்டிய முறையையே சுட்டுகின்றது. ஏழனுள் மூன்று கதைகள் வேட்டை பற்றியவை: 'பழைய மக்கள்', 'கரடி', 'டெல்டாவின் இலையுதிர் காலம்'. இம்மூன்றையும் தனியே பிரித்தெடுத்துக் காட்டின் அழகையும் வேட்டையின் வீரத்தையும் மட்டும் நுகர்ந்து செல்வோர் பலர். அவ்வாறு படிப்பது பாதி நூலைப் படிப்பதே என்பதை இங்கு ஆராய்வோம்.

கதையின் போக்கு

கதைத் தலைவன் ஐசக் மக்காஸ்லின். 'ஐக்' என்று அழைக்கப்படுபவன்; 1867இல் பிறந்தவனாகக் கதையில் வருகின்றான். பெற்றோர் இறந்துபட, அத்தையின் பேரனாகிய மக்காஸ்லின் எட்மண்ட்ஸ் அவனை வளர்க்கின்றான். உறவு முறை எதுவாயினும் எட்மண்ட்ஸ் பதினாறு ஆண்டு மூத்தவன். ஐக்குக்கு அவனே தந்தை போன்றவன். ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் மேஜர் டி ஸ்பெயின் என்பவருக்கு உரிய பெருங்காட்டில் பாசறை அமைத்து இரண்டு வாரம் வேட்டையாடுவது அவ்வட்டாரத்துப் பெரியோர் வழக்கம். பத்து வயதில் ஐக் அப்பாசறைக்கு முதன்முதலாக அழைத்துச் செல்லப்படுகின்றான். பன்னிரண்டாம் வயதில் முதல் கலைமானை வீழ்த்துகின்றான். பதினாறாம் வயதில், எவர் குண்டுக்கும் சாயாத 'முதிய பென்' என்னும் கரடியின் முடிவைக் காண்கின்றான். இருபத்தோராம் வயதில், தனக்கு உரிமையாக வந்த தோட்ட நிலத்தை வேண்டாம் என்று துறக்கின்றான். எழுபது கடந்த கிழவனாய்த் தன் கடைசி வேட்டைகளுள் ஒன்றில், தான் கற்றதும் துறந்ததும் எவ்வளவு தூரம் பயன்பட்டன என்பதை அறிய நேர்கின்றது.

பழந்துப்பாக்கியின் இயல்பு

ஐக் வளர்ந்த காலம் துப்பாக்கிகள் மாறிக்கொண்டிருந்த காலம். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன்பெல்லாம், வேட்டைக்காரர் கையில் இருந்தவை பெரும்பாலும் குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளே. மருந்தை அளந்து குழலில் கொட்டி, மேலே அடைப்பு வைத்து, குண்டையோ ரவையையோ இட்டு, நீண்ட கோலால் குத்தி இறுக்கி, பின்புறத்து முளையில் கேப்பைப் பொருத்திய பின்னரே சுட முடியும். மழையில் மருந்து நனைந்தால் வேட்டு வெடிக்காது. வெடித்தாலும் கரும்புகை கண்ணை மறைக்கும். முதல் வேட்டுத் தவறினால் அடுத்ததைக் கெட்டிப்பதற்குள் மான் காதவழி போய்விடும். ஆகவே அத்துப்பாக்கி தன்னை ஏந்தியவனுக்குப் பொறுமையைக் கற்பித்தது. அண்மையில் செல்; உறுதியாகத் தெரிந்தாலன்றிச் சுடாதே; சுட்டால் தவறாதே என்பன அதன் பாடங்கள்.

போருக்குப் பின் பரவியது, குழலின் பின்புறத்தை மடித்துத் திறந்து தோட்டாவை இடும் துப்பாக்கி. ஐக் முதன்முதலில் தூக்கிச் சென்றது அத்தகையதே. அது அவனுடையதன்று, மேஜர் டி ஸ்பெயினுடையது. சிறுவனுக்கு மிகப் பெரியது. அதற்குமுன் ஒரே ஒரு முறை, அதுவும் ஒரு மரக்கட்டையைக் குறிபார்த்துத்தான் அதனைச் சுட்டிருந்தான். பின்னர்க் கிறிஸ்துமஸ் பரிசாக அவனுக்கென்றே ஒரு புதுத் துப்பாக்கியை எட்மண்ட்ஸ் அளிக்கின்றான்.

அத்துப்பாக்கியைப் பற்றி ஃபாக்னர் தரும் செய்தி, போகிற போக்கில் சொல்லப்பட்டதாயினும், நூலின் திறவுகோல்களுள் ஒன்றாகும். ஐக் அதனை ஏறக்குறைய எழுபது ஆண்டு வைத்திருந்து சுடுகின்றான். அக்காலத்தில் குழல்களும் விசைப்பொறிகளும் இருமுறை மாற்றப்படுகின்றன; பின்கட்டை ஒருமுறை மாற்றப்படுகின்றது. முடிவில் பழைய துப்பாக்கியில் எஞ்சி நிற்பது வெள்ளி பதித்த விசைக்காப்பு ஒன்றே. அதில் ஐக்கின் பெயரும் அவனுடைய மூத்த உறவினன் பெயரும் 1878 என்னும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன.

குழல் போயிற்று, கட்டை போயிற்று, பொறி போயிற்று. ஆயினும் அதே துப்பாக்கி என்று சொல்லப்படுகின்றது. பெயர் நிற்பதனால் பொருள் நிற்பதாகக் கொள்ளுகின்றனர். குடும்ப மரபு என்பதும் இத்தகையதே. ஒவ்வொரு தலைமுறையிலும் அதன் உறுப்புகள் மாறுகின்றன. பெயர்ப் பொறிப்பு மட்டும் மாறாமல் கைக்குக் கை செல்லுகின்றது. அந்தப் பெயர்களுள் யாருடைய பெயர் இடம்பெற்றது, யாருடைய பெயர் இடம்பெறவில்லை என்னும் வினாவை இப்போதைக்கு நிறுத்திவைத்துக்கொள்ள வேண்டும். நூல் அதனிடம் திரும்பி வருகின்றது.

சாம் என்னும் ஆசான்

ஐக்குக்குத் துப்பாக்கி தந்தவன் உறவினன். வேட்டை கற்பித்தவன் சாம் ஃபாதர்ஸ். அப்பகுதிக்கு முன்னாளில் உரியவராயிருந்த சிக்கசா பழங்குடியின் தலைவனுக்கும் கலப்பின அடிமைப் பெண் ஒருத்திக்கும் பிறந்தவன் சாம். தலைவனாகிய தந்தையே தாயையும் மகனையும் ஐக்கின் பாட்டனாகிய காரதர்ஸ் மக்காஸ்லினுக்கு விற்றுவிட்டான். வரலாற்றில் சிக்கசா மக்கள் 1832ஆம் ஆண்டு உடன்படிக்கையால் மிசிசிப்பியிலிருந்த தம் நிலத்தை இழந்து, 1837 முதல் மேற்கே அனுப்பப்பட்டனர். சாம் அவர்களுள் எஞ்சி நின்றவன். அரசன் மகனாகவும் அடிமையாகவும் பிறந்த இவனை ஆசானாக்கியதில் ஃபாக்னரின் நோக்கம் தெளிவு. காட்டின் சட்டத்தைக் கற்பிக்கத் தக்கவன் காட்டை விலைக்கு வாங்கியவன் அல்லன், அதனை இழந்தவனே.

சாமின் கற்பிக்கும் முறை கருதத்தக்கது. அவன் மிகுதியாகப் பேசுவதில்லை. முதல் ஆண்டில் சிறுவனைக் காட்டில் ஒரு நிலையில் நிறுத்துகின்றான். நாய்கள் துரத்திவரும் மான் கடந்து செல்லும் இடம் அது. நல்ல நிலைகள் மூத்தோருக்கு உரியவை. சிறுவனுக்குக் கிடைப்பது மான் வாராத நிலை. அங்கே அவன் கற்க வேண்டியது சுடுவதை அன்று, நிற்பதை. நாய்க் குரலைக் கொண்டு விலங்கின் போக்கை அறிவதையும், அச்சம் வந்தபோதும் ஓடாமலிருப்பதையும் அவ்வாறே கற்கின்றான். எளியதிலிருந்து அரியதற்கும், கண்ணால் காண்பதிலிருந்து கருத்தால் உணர்வதற்கும் படிப்படியாக அழைத்துச் செல்லும் இம்முறை, பயிற்சி பெற்ற எந்த ஆசிரியரும் ஒப்புக்கொள்ளத்தக்கது.

அதன் உச்சம் கரடியைக் காணும் நிகழ்ச்சி. துப்பாக்கி கையில் இருக்கும்வரை முதிய பென் கண்ணுக்குத் தெரியாது என்று குறிப்பாக உணர்த்துகின்றான் சாம். பதினொரு வயதுச் சிறுவன் துப்பாக்கியைப் பாசறையில் விட்டுவிட்டுத் தனியே புறப்படுகின்றான். ஒன்பது மணி நேரம் நடந்தும் கரடி தோன்றவில்லை. அப்போதுதான் தன்னிடம் இன்னும் கடிகாரமும் திசைகாட்டியும் இருப்பது நினைவுக்கு வருகின்றது. அவற்றையும் புதர் ஒன்றில் தொங்கவிட்டு மேலே செல்லுகின்றான், வழி தவறுகின்றான். முடிவில் கரடியைக் காண்கின்றான். வேட்டையைக் கற்றுக்கொடுக்கும் கதையில் முதன்மைப் பாடம் கருவியைக் கீழே வைப்பதாக அமைந்திருப்பது, இந்நூலை மற்ற வேட்டை நூல்களினின்று பிரித்துக் காட்டுகின்றது.

இப்பாடத்தோடு இணைத்துப் படிக்க வேண்டியது 'பழைய மக்கள்' கதையில் வரும் குருதித் திலகம். ஐக் முதல் கலைமானை வீழ்த்தியதும் சாம் அதன் கழுத்தை அறுக்கச் செய்து, சூடான குருதியில் தன் கைகளைத் தோய்த்துச் சிறுவன் முகத்தில் தடவுகின்றான். இதனைக் காட்டுமிராண்டித்தனம் என்று முகம் சுளிப்போர் உண்டு. வீரச் சடங்கு என்று புகழ்வோரும் உண்டு. இரு சாராரும் சடங்கின் பொருளைத் தவறவிடுகின்றனர். முதுமையில் ஐக் அதனை எண்ணிப் பார்க்கும் இடத்தில் பொருள் விளங்குகின்றது. ஓர் உயிரை எடுத்தவன், எடுக்கப்பட்ட அவ்வுயிர் நாணும்படியாக வாழலாகாது. இனி அவனுடைய நடத்தை முழுவதும் அந்தச் சாவுக்கு ஈடாக அமைய வேண்டும் என்பதே அன்று அவன் சொல்லாமல் ஏற்ற உறுதி. குருதி வெற்றியின் அடையாளமன்று, கடனின் அடையாளம். நூல் முழுவதையும் அளப்பதற்கு இதுவே அளவுகோல். ஐக் அக்கடனைத் தீர்த்தானா?

மற்றோர் ஏடு

'கரடி' ஐந்து பகுதிகளை உடையது. முதல் மூன்றும் வேட்டை. மூன்றாம் பகுதியின் இறுதியில் 'சிங்கம்' என்னும் பெயருடைய நாய் கரடியின் தொண்டையைப் பற்றித் தொங்க, குறி தவறுவதற்கே பெயர்போன பூன் என்பவன் கத்தியோடு பாய்ந்து கரடியைக் கொல்லுகின்றான். நாயும் சாகின்றது; சாமும் சாகின்றான். வேட்டைக் கதை இத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் நான்காம் பகுதி வாசகனைக் காட்டிலிருந்து இழுத்துத் தோட்டத்துப் பண்டகசாலைக்குள் கொண்டு சேர்க்கின்றது. அங்கே பலகையில் இருப்பவை பழைய கணக்கேடுகள். மலையகத் தோட்டங்களின் செக்ரோலையும் கடைக் கணக்கையும் கண்டு பழகிய இந்நாட்டு வாசகருக்கு அக்காட்சி முற்றும் அயலானதாய்த் தோன்றாது. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது: அந்த ஏட்டில் பொருள்களோடு மனிதரும் விலையிடப்பட்டுள்ளனர்.

பதினாறு வயது ஐக் ஓர் இரவில் அவ்வேடுகளைப் படிக்கின்றான். அவனுடைய தந்தையும் சிற்றப்பனும் எழுத்துப் பிழைகளோடு எழுதி வைத்த குறிப்புகள் அவை. யூனிஸ் என்பவள் 1807இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 650 டாலருக்கு வாங்கப்பட்டாள். 1832ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் ஓடையில் மூழ்கி இறந்தாள். அவள் தானே மூழ்கினாள் என்று ஒருவர் எழுத, அடிமை தற்கொலை செய்வதுண்டோ என்று மற்றவர் வியக்கின்றார். அவள் மகள் டோமி அடுத்த ஆண்டு சூன் மாதம் ஓர் ஆண்மகவைப் பெற்று இறக்கின்றாள். அம்மகனுக்குப் பாட்டன் காரதர்ஸ் தன் உயிலில் ஆயிரம் டாலர் எழுதி வைக்கின்றான். இந்தத் துண்டுக் குறிப்புகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துப் பார்த்த சிறுவனுக்கு உண்மை புலனாகின்றது. டோமி, பாட்டன் யூனிஸிடம் பெற்ற மகள். அம்மகளிடமே பாட்டன் மீண்டும் ஒரு மகனைப் பெற்றுள்ளான். அதனை உணர்ந்த தாய் குளிர்ந்த ஓடைக்குள் நடந்து சென்றாள். மகன் என்று சொல்ல நாணியவன், சொல்லாமலிருப்பதற்கு விலையாக ஆயிரம் டாலரை எழுதி வைத்தான்.

காட்டில் கற்ற கல்வி இங்கே பயன்படுகின்றது என்பது நுட்பமாக நோக்கத்தக்கது. மண்ணில் பதிந்த அடிச்சுவட்டைப் படித்து விலங்கின் போக்கை அறியப் பழகிய சிறுவன், ஏட்டில் பதிந்த எழுத்தைப் படித்துப் பாட்டனின் போக்கை அறிகின்றான். வேட்டையும் கணக்கேடும் வேறு வேறு கதைகள் அல்ல. முன்னது பயிற்சி, பின்னது தேர்வு.

இப்போது துப்பாக்கியின் பெயர்ப் பொறிப்புக்குத் திரும்பலாம். பாசறையில் ஏவல் செய்யும் இளைஞருள் ஒருவன் 'டென்னியின் ஜிம்' என்பவன். டோமி பெற்ற மகனுக்குப் பிறந்தவன் அவன். ஆகவே காரதர்ஸுக்கு ஐக் எவ்வாறு பேரனோ அவ்வாறே ஜிம்மும் பேரன். ஒரே பாட்டன், ஒரே காடு, ஒரே கரடி. ஒரு பேரனுக்கு வெள்ளியில் பெயர் பொறித்த துப்பாக்கி கிடைத்தது. மற்றவன் பெயர் கணக்கேட்டில் எழுதப்பட்டது. காட்டில் வெள்ளையர், கறுப்பர், பழங்குடியினர் என்ற வேறுபாடு இல்லை, வேட்டைக்காரர் என்ற ஒரே இனமே உண்டு என்னும் கருத்துப்படக் கதை தொடங்குகின்றது. ஆனால் சமைப்பவன் யார், ஏவல் செய்பவன் யார் என்பதைக் கதையே காட்டிவிடுகின்றது. 1885ஆம் ஆண்டு தன் இருபத்தோராம் பிறந்த நாளில் ஜிம் எவரிடமும் சொல்லாமல் ஊரைவிட்டுப் போய்விடுகின்றான். அவனுக்குரிய பணத்தைக் கொடுக்க ஐக் தேடிச் சென்றும் காணவில்லை.

துறவு போதுமா?

1888இல் இருபத்தொரு வயது நிறைந்த ஐக் நிலத்தைத் துறக்கின்றான். மண்ணை ஒருவன் தனக்கென்று வாங்கவோ விற்கவோ முடியாது. அடிமை உழைப்பால் விளைந்த நிலம் சாபத்துக்கு உரியது என்பன அவன் கூறும் காரணங்கள். நிலத்தை எட்மண்ட்ஸிடம் விட்டுவிட்டு நகரில் தச்சனாக வாழ்கின்றான். அவன் முடிவை ஏற்காத மனைவியோடு இல்லறம் சிறக்கவில்லை, பிள்ளை இல்லை. இத்துறவைக் கண்டு அவனை மகான் என்று போற்றும் திறனாய்வாளர் உளர். ஃபாக்னர் அவ்வளவு எளிதில் பட்டம் சூட்டுபவர் அல்லர். 'டெல்டாவின் இலையுதிர் காலம்' என்னும் கதையில் அத்துறவை அவர் நிறுத்துப் பார்க்கின்றார்.

இரண்டாம் உலகப் போர்க் காலம். முன்பு நகரிலிருந்து முப்பது மைலில் இருந்த வேட்டைக்காடு இப்போது இருநூறு மைலுக்கு அப்பால் சுருங்கிவிட்டது. மேஜர் டி ஸ்பெயினே மரங்களை மெம்ஃபிஸ் நகரத்து மரக் கம்பெனிக்கு விற்றுவிட்டார் என்பது முன்கதை. நண்பர்களின் மக்களோடும் பேரர்களோடும் கிழவன் மோட்டார் வண்டியில் செல்லுகின்றான். உடன் வருபவன் ராத் எட்மண்ட்ஸ். ஐக்கை வளர்த்த எட்மண்ட்ஸின் பேரன், தோட்டத்தின் இன்றைய உடைமையாளன். ராத் காட்டுக்கு வருவது பிணைமானுக்காக, அதுவும் இரண்டு கால் பிணைக்காக என்று வண்டியில் ஒருவன் கேலி செய்கின்றான்.

பிணையைச் சுடலாகாது என்பது அக்கால வேட்டைக்காரரின் உறுதியான சட்டம். அதற்குக் காரணம் வெளிப்படை. மான்கள் அருகிய நாட்டில் ஒரு கலை வீழ்ந்தால் ஓர் உயிர் போகும். ஒரு பிணை வீழ்ந்தால் அடுத்த ஆண்டுக் குட்டிகளும் போகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிசிசிப்பியில் வெண்வால் மான்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறைந்துபோயின. வனவிலங்கைக் காக்க அம்மாநிலம் 1932இல் ஒரு வாரியத்தை அமைக்க நேர்ந்தது. பின்னர்ப் பாதுகாப்பினால் அவை மீண்டும் பெருகி, இன்று பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டுள்ளன. பெருகிய இடத்தில் அளவறிந்து பிணையைச் சுடவும் இன்று இசைவு உண்டு. ஆகவே சட்டத்தின் எழுத்து, துப்பாக்கியின் குழலைப்போல் காலத்துக்கேற்ப மாறக்கூடியதே. அதன் உட்பொருள் வேறு: வலியவன் தன் கையிலிருக்கும் வலிமைக்கு எல்லை வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது அது.

மறுநாட் காலையில் மற்றவர்கள் காட்டுக்குள் சென்றிருக்க, படுக்கையில் கிடக்கும் கிழவன் முன் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து நிற்கின்றாள். ராத்தின் குழந்தை அது. அவளைக் காண விரும்பாத ராத் ஓர் உறையில் பணத்தை வைத்துக் கிழவனிடம் கொடுத்துப் போயிருக்கின்றான். பேசப் பேச அவள் யார் என்பது தெரியவருகின்றது. அன்று சொல்லாமல் போன டென்னியின் ஜிம்மின் பேத்தி அவள். நூறாண்டுக்கு முன் காரதர்ஸ் செய்ததையே ராத் செய்திருக்கின்றான். அன்று உயிலில் ஆயிரம் டாலர். இன்று உறையில் சில நோட்டுகள். உறவென்று சொல்லாமலிருக்கக் கொடுக்கும் விலை என்பதில் இரண்டும் ஒன்றே.

இப்போது கிழவன் செய்வது என்ன? காட்டின் சட்டத்தை அறுபதாண்டு போற்றியவன், பிணையைச் சுடலாகாது என்று அடித்துச் சொன்னவன், அப்பெண்ணைப் பார்த்துத் திடுக்கிட்டு, வடக்கே போய்த் தன் இனத்தான் ஒருவனை மணந்துகொள்ளுமாறு கூறுகின்றான். நீண்ட நாள் வாழ்ந்ததில் அன்பென்பதையே மறந்துவிட்டீரா என்னும் கருத்தில் அவள் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் புறப்படுகின்றாள். ஐக் அதற்கு மறுமொழி தரவில்லை, தர இயலாது.

எனினும் அவன் ஒன்று செய்கின்றான். ஜெனரல் காம்ப்ஸன் என்னும் மூத்த வேட்டைக்காரர் தமக்குப்பின் அவனுக்கென்று விட்டுச் சென்ற வெள்ளிக் கட்டுடைய வேட்டைக் கொம்பை எடுத்துக் குழந்தைக்கென்று கொடுக்கின்றான். ஜிம்மின் காலத்தில் பெயர் பெறாத கிளைக்கு, மரபின் சின்னம் ஒன்று முதன்முறையாகச் சேர்கின்றது. இதனைக் கழுவாய் என்பதா, கையுறை என்பதா? கொம்பைத் தந்த கை, உறவை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் வெறும் பணத்தை நீட்டிய ராத்தின் கையினும் அது ஒருபடி மேலானது. ஃபாக்னர் இரண்டையும் அருகருகே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுகின்றார். கதையின் இறுதியில் ஒருவன் கத்தி தேடி வருகின்றான். ராத் ஒரு மானை வீழ்த்தியிருப்பதாகக் கூறுகின்றான். அது பிணைதான் என்பது கிழவனுக்குக் கேளாமலே தெரிகின்றது.

இதிலிருந்து பெறப்படுவது ஒன்று. ஐக் நல்ல மாணவன். ஆனால் ஆசான் ஆகவில்லை. சாம் தனக்குப்பின் ஒருவனை ஆளாக்கிவிட்டுச் சென்றான். ஐக் தான் தூயவனாக இருந்தால் போதும் என்று எண்ணி நிலத்தை விட்டான். நிலத்தோடு சேர்ந்து, அந்நிலத்தை ஆளப்போகும் பிள்ளைகளைத் திருத்தும் பொறுப்பையும் விட்டான். மக்காஸ்லின் வீட்டுப் பண்டகசாலையில் அவன் படித்த ஏட்டை ராத்துக்கு எவர் படித்துக் காட்டினர்? தீமையில் பங்கு கொள்ளாதிருப்பது அறத்தின் முதற்படி. அடுத்த தலைமுறைக்கு அதனை எடுத்துரைப்பது இரண்டாம் படி. முதற்படியில் நின்றுவிட்டவனுடைய கதை இது.

நூலின் குறைகள்

நூலில் குறைகள் இல்லாமலில்லை. 'கரடி'யின் நான்காம் பகுதியில் வாக்கியங்கள் பக்கக் கணக்கில் நீண்டு செல்லுகின்றன. யார் பேசுகின்றார் என்று அறிவதற்கே பன்முறை படிக்க வேண்டியுள்ளது. நிலம், போர், இறைவன், சாபம் என்று உறவினர் இருவரும் சொற்போரிடும் பகுதியில் பாத்திரங்கள் மறைந்து ஆசிரியர் குரலே ஒலிக்கின்றது. சாம் ஆசானாக உயர்ந்து நிற்கும் அளவுக்கு மனிதனாக வெளிப்படுவதில்லை. அவன் மனத்துள் என்ன வடு இருந்தது என்பது இறுதிவரை தெரிவதில்லை. யூனிஸும் டோமியும் ஏட்டின் வரிகளாகவே நின்றுவிடுகின்றனர். 'டெல்டா'வில் வரும் பெண்ணோ வாய் திறந்து பேசுகின்றாள். அவளுக்கும் பெயர் தரப்படவில்லை. பெயர் பொறிப்பதன் பொருளை இத்துணை ஆழமாக உணர்ந்த ஆசிரியர் அவளுக்குப் பெயரிடாமல் விட்டது வேண்டுமென்றேயா, மறதியாலா என்பது வாசகர் எண்ணிப் பார்க்க வேண்டியது.

ஆயினும் ஃபாக்னர் பிறர் குடும்பத்தைச் சுட்டிக்காட்டி நீதி சொன்னவர் அல்லர். அவருடைய கொள்ளுத் தாத்தா வில்லியம் கிளார்க் ஃபாக்னர், அடிமைகளை உடையவராயிருந்தவர். உள்நாட்டுப் போரில் தென்னகப் படையின் கர்னல். இந்நூலை ஆசிரியர் காணிக்கையாக்கியதோ, அடிமையாகப் பிறந்து, அவரைச் சிறுவயதில் வளர்த்து, 1940இல் மறைந்த கரோலைன் பார் என்னும் கறுப்பினப் பெண்மணிக்கு. கதைக்குள் விடுபட்ட பெயரை நூலின் முகப்பில் பொறித்தார் என்று கொள்ளலாம்.

இரண்டு பதிப்பு, இரண்டு பாடம்

1955இல் ஃபாக்னர் தம் வேட்டைக் கதைகளைத் தொகுத்துப் 'பெருங்காடு' என்னும் நூலாக வெளியிட்டார். அதில் 'கரடி' உண்டு. ஆனால் கணக்கேடு வரும் நான்காம் பகுதி இல்லை. 'டெல்டா'விலிருந்து எடுத்த பகுதி முடிவுரையாக வருகின்றது. ஆனால் குழந்தையோடு வந்த பெண் இல்லை. 1942இல் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழில் வந்த 'கரடி'யிலும் ஏடு இல்லை. அப்பதிப்புகளைப் படிப்போர்க்குக் கிடைப்பது காடு, கரடி, வீரம், முதியோரின் பெருந்தன்மை; படித்து முடித்ததும் மனம் நிறைந்திருக்கும். முழுநூலைப் படிப்போர்க்கு அந்நிறைவு இல்லை. இத்துணைச் சிறந்த கல்வி பெற்ற ஒருவன் ஏன் அப்பெண்ணின் முன் தோற்றான் என்னும் கேள்வி அவர்களை விடாது.

பழம்பெருமை பேசும் எந்தக் குடும்பத்துக்கும் எந்தச் சமூகத்துக்கும் இவ்விரண்டு பதிப்புகளும் உண்டு. மூத்தோர் துப்பாக்கியைத் துடைத்துச் சுவரில் மாட்டிப் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லுவது எளிது, இனியது, வேண்டியதும்கூட. அதே மூத்தோர் வைத்துச் சென்ற கணக்கேட்டையும் எடுத்துப் பிள்ளைகள் முன் பிரித்து வைப்பது எளிதன்று. ஃபாக்னரின் வேட்டைக் கதைகளைப் பாடமாக வைக்கும் கல்லூரிகளும், மாணவர்க்கு எடுத்துச் சொல்லும் ஆசிரியர்களும் நான்காம் பகுதி கடினமென்று அதனைத் தாண்டிச் செல்லலாகாது. காட்டிலே மானின் சுவட்டைக் காட்டுபவர், வீட்டிலே ஏட்டின் வரியையும் காட்டக் கடமைப்பட்டவர்.